காவலர் திருடிவிட்டார்

சார்ஜன் முனியாண்டி தம் கைப்பேசியைத் தே தாரிக் குவளைக்கும் ரொட்டி சானாய்த் தட்டுக்கும் நடுவில் வைத்து, என் குரலை எனக்கே போட்டுக் காட்டினார்.

“காவலர் சரவணன் திருடிட்டாரு. மறுபடியும் திருடிட்டாரு. நடுவர் பக்கத்துலயே நிக்கிறாரு, பார்த்துக்கிட்டே இருக்காரு, ஒண்ணும் கேக்கல. எப்படிக் கேப்பாரு, காவலருக்கு இது கைவந்த கலையாச்சே. இவருக்குக் கை குடுத்தீங்கன்னா, விரல எண்ணிப் பார்த்துட்டு வீட்டுக்குப் போங்க.”

பதிவு அங்கே நின்றது. பினாங்கில், டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் ஒட்டுக்கடை அது. ரொட்டி வீசிக்கொண்டிருந்தவர் அடுத்த வீச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். பக்கத்து மேசைக்காரர் நாளிதழை ஓர் அங்குலம் கீழே இறக்கினார்.

“இது உங்க குரல்தானா?” என்றார் சார்ஜன்.

“ஆமாங்க.”

“யாரும் மிரட்டிப் பேச வைக்கலியே?”

“இல்லைங்க. சொந்தமாத்தான் பேசினேன்.”

“அந்த விரல் எண்ணுறது?”

“அதுவும் சொந்தம்தாங்க.”

இதைச் சொன்னபோது எனக்குள் லேசாகப் பெருமை எட்டிப் பார்த்தது. நல்ல வரி அது. யாரும் எழுதிக் கொடுத்ததில்லை.

சார்ஜன் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று சில ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் நாற்காலியில் முதுகு படாமல் உட்காருவதில் அவர் இன்னும் பணியில்தான் இருந்தார். மீசை மட்டும் முறைப்படி ஓய்வு பெற்று வெள்ளையாகியிருந்தது. தாசேக் கெலுகோரிலிருந்து காலையிலேயே தம் காடியை ஓட்டிக்கொண்டு, பாலம் தாண்டி, என்னைத் தேடி வந்திருந்தார். அவர் மகள் கவிதாவுக்கும் எங்கள் மாடியில் இருக்கும் சரவணனுக்கும் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இரு வீட்டாருக்கும் பிடித்துப்போய், தட்டு மாற்ற நாள் குறிப்பதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத்தான் நான் வாயைத் திறந்திருக்கிறேன்.

“மிஸ்டர் அந்தோணி, அது கேமுன்னு எனக்குத் தெரியும். நான் மடையன் இல்ல. கூடைப்பந்துல ஸ்டீல்னா என்னன்னு என் மக படம் போட்டே காட்டிட்டா. ஆனா இத வெட்டி எங்க குடும்ப வாட்ஸ்அப் புலனக் குழுவுல போட்டுட்டாங்க. ஒரு வாரமா என் தம்பிமாரு எனக்குக் குட் மார்னிங் சொல்றதில்ல. ‘காவலர் திருடிட்டாரா’ன்னு கேக்குறானுங்க. என் சின்ன மச்சான் வீட்டுக்கு வந்து பசியாறிட்டு, போறப்ப விரல எண்ணிப் பார்த்துட்டுப் போறான்.”

நான் சிரிப்பை அடக்க தே தாரிக்கைக் குடித்தேன். சூடு. அடக்கிய சிரிப்பு, வெந்த நாக்கு, இரண்டு தண்டனையும் சேர்ந்து கிடைத்தது.

“என் சர்வீஸ் முழுக்க ஒரு கடையில ஒரு காப்பி ஓசியில குடிச்சதில்ல,” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “அந்தப் பேரோட ரிட்டையர் ஆனேன். இப்ப வீட்டுக்கு வர்ற மாப்பிள்ளைக்குத் திருட்டுக் காவலர்னு பேரு. சிரிப்பாத்தான் இருக்கும், கேக்கிறவங்களுக்கு.”

நான் குவளையைக் கீழே வைத்தேன்.

“முடிவா ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுறேன்,” என்று அவர் ரொட்டியைப் பிய்த்தார். அவர் நிதானமாகக் குழம்பில் தோய்த்துச் சாப்பிடட்டும். அதற்குள் எனக்கு வேறொரு கடன் தீர்க்க வேண்டியிருக்கிறது.

உயரம் மட்டும் கொடுத்த ஆண்டவர்

மைக் என்று நினைத்து நான் டார்ச் லைட்டில் பேசிய கதையைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் படித்துவிட்டு, பட்டர்வொர்த் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘உங்களை யார் மைக் முன்னால் உட்கார வைத்தது?’ நியாயமான கேள்வி. என் மனைவி பிலோமினா அதைத் திருமணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பள்ளியில் நான்தான் உயரம். வகுப்பறை விசிறியைத் துடைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூடைப்பந்து சொல்லிக்கொடுத்த ஆசிரியர் என்னை முதல்முதலில் பார்த்தபோது, பசித்தவன் பிரியாணியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஒரு வாரம் அந்தப் பார்வை இருந்தது. நான் குதித்தால் என் காலணிக்கும் தரைக்கும் நடுவில் ஒரு தாள் நுழையும்; தடித்த தாளாக இருந்தால் அதுவும் நுழையாது. பந்து என்னை நோக்கி வரும்போது நான் பண்போடு விலகி அதற்கு வழிவிடுவேன்.

ஆகவே பெஞ்சில் உட்கார்ந்தேன். சும்மா உட்காரத் தெரியாது. திடலில் நடப்பதையெல்லாம் பக்கத்தில் இருப்பவனுக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவனுக்கும் கண் இருக்கிறதே என்ற நினைப்பு எனக்கு வரவில்லை. ஒரு நாள் ஆசிரியர், விளையாட்டு தினத்துக்கு வைத்திருந்த ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டு, “வாய மூட முடியலன்னா இதுலயாவது பேசு. அந்தப் பையனுக்கு ஒரு காதாவது மிஞ்சட்டும்” என்றார்.

அதுதான் நியமனக் கடிதம். அன்று தொடங்கியது, பகலில் துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை, மாலையில் மைக் என்று, தலை நரைத்து, நரைத்ததும் கொட்டி, இன்னும் ஓயவில்லை.

லிம், லிம், லிம்

அந்தக் காலத்தில் பினாங்குக் கூடைப்பந்து என்றால் சீனர் கிளப்புகள்தான். அரங்கத்தில் நான் ஆங்கிலமும் மலாயும் பேசுவேன். கொஞ்சம் ஹொக்கியன் சீனமும் கலப்பேன், அதைக் கேட்டால் ஹொக்கியன்காரர்கள் மலாயில் பதில் சொல்வார்கள்.

பெரிய சிக்கல் மொழியில் இல்லை. ஒரு கிளப்பில் ஆடிய ஐந்து பேரில் மூன்று பேர் லிம். லிம் பந்தை லிம்முக்குக் கொடுக்கிறார், லிம் வாங்கி மறுபடி லிம்முக்கே கொடுக்கிறார், லிம் போடுகிறார், விழவில்லை, லிம் கோபப்படுகிறார். கேட்பவர்கள் ஒரே ஆள் தனியாக ஆடிக்கொண்டிருப்பதாக நினைத்தார்கள். அதனால் நானே பெயர் சூட்டினேன்: நெட்டை லிம், கண்ணாடி லிம், அவசர லிம். மூன்றாமவர், பந்து கைக்கு வருவதற்கு முன்பே வீசிவிடுகிறவர்.

அந்த அவசர லிம்முக்கு இப்போது ஜுருவில் காடிக்குச் சாயம் அடிக்கும் பட்டறை இருக்கிறது. சொந்தமாக ஓர் அணியும் வைத்திருக்கிறார். அதற்குப் பயிற்சியாளரும் அவரே. அவர் பட்டறையில் சாயம் அடிக்கிற பையன்தான் நம் சரவணன். உயரம் கிடையாது. ஆனால் கை இருக்கிறதே, அது கண்ணுக்கு முந்தி வேலையை முடித்துவிடும். எதிராளி பந்தைத் தட்டிக்கொண்டு போவார். நாலு அடி போன பிறகுதான் தாம் காற்றைத் தட்டிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும்.

தாய்மார்களுக்கான தமிழ்

சில ஆண்டுகளுக்கு முன் அரங்கத்தில் ஓர் இளைஞரை மைக்கில் உட்கார வைத்தார்கள். பாட்டு, விளக்கு, புகை எல்லாம் அவர் கையில். புகை வந்தபோது எனக்கு இருமல் வந்தது. அதோடு என் பதவி போயிற்று. நான் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவருக்கே விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். பிலோமினா பொறுக்க முடியாமல் அவசர லிம்முக்குப் போன் செய்துவிட்டாள்.

லிம் வந்தார். “அந்தோணி, லு சாக்காப் பான்யாக்லா,” என்றார். நீ அதிகம் பேசுகிறாய் என்று அர்த்தம். அவர் வாயில் அது பாராட்டு. அவர் அணியில் தமிழ்ப் பையன்கள் ஐந்தாறு பேர். அவர்களுடைய அம்மாக்கள் வீட்டிலிருந்து நேரலையில் ஆட்டம் பார்க்கிறார்கள், ஒன்றும் புரிவதில்லை, மகன் ஓடினால் மகிழ்கிறார்கள், உட்கார்ந்தால் அடிபட்டுவிட்டதோ என்று லிம்முக்குப் போன் செய்கிறார்கள். தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அப்படித்தான் என் தமிழ் வருணனை தொடங்கியது. கைப்பேசியை முக்காலியில் நிறுத்திப் படம் பிடிப்பது பிலோமினா. பேசுவது நான். கேட்பது தாய்மார்கள்.

பேசத் தொடங்கிய பிறகுதான் ஒன்று புரிந்தது: இந்த ஆட்டம் இத்தனை காலமும் என் தலைக்குள் தமிழில் நடந்ததே இல்லை. முதல் நாள், ‘இலவச எறிதல்’ என்றேன். எதை இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று ஓர் அம்மா எழுதிக் கேட்டார். பந்தைத் தட்டாமல் ஓடினால் ஆங்கிலத்தில் டிராவலிங் என்பார்கள். நான், ‘தம்பி பயணம் செய்துவிட்டார்’ என்றேன். அவன் அம்மா பதறிப்போய், “எங்க போறான் அண்ணே, எங்கிட்ட சொல்லவே இல்லியே” என்று கேட்டார். ஃபவுலுக்கு, ‘தவறு செய்துவிட்டார், மறுபடியும் தவறு செய்துவிட்டார், ஐந்தாவது தவறு, வெளியேற்றுகிறார்கள்’ என்று நான் சொன்னதைக் கேட்டு எங்கள் பங்குச் சாமியார், “என் பாவசங்கீர்த்தனக் கூண்டில்கூட இவ்வளவு வேகமாக யாரும் சொல்வதில்லை” என்றார்.

இந்த வரிசையில்தான் கார்டு வந்தது. சரவணன் ஆடுவது அந்த இடத்தில். கார்டு என்றால் காவலர். அகராதியைப் பார்த்தேன், அதுவும் தலையாட்டியது. ஸ்டீல் என்றால் திருட்டு. அதற்கு அகராதியே வேண்டாம். இரண்டு சொல்லும் தனித்தனியாக நல்ல குடும்பத்துச் சொற்கள். ஒன்றாக உட்கார வைத்தவன் நான்.

இதில் வேடிக்கை, சரவணனின் அம்மா லெட்சுமிதான் அன்றைய நேரலையைப் பெருமையோடு சம்பந்தி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்: ‘எங்கள் பையன் ஆட்டத்தைப் பாருங்கள்.’

ஒரே வாக்கியத்தில் கூடாது

இப்போது சார்ஜன் ரொட்டியை முடித்துவிட்டார். கையைக் கழுவி வந்து உட்கார்ந்தார்.

“வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஃபைனல். நான் குடும்பத்தோட வர்றேன். தம்பிமாரு, மச்சான், எல்லாரும் வர்றானுங்க. உங்க பக்கத்துல உக்காந்து காதாலேயே கேப்பேன். ஒண்ணு காவலர எடுங்க, இல்ல திருட்ட எடுங்க. ரெண்டும் மறுபடி ஒரே வாக்கியத்துல வந்துச்சுன்னா, அன்னிக்கே பேச்ச முறிச்சுக்குவேன். அப்புறம் பையன் டத்தோ பட்டமே வாங்கிட்டு வந்தாலும் பொண்ணு கிடையாது.”

என் தே தாரிக்குக்கும் சேர்த்து அவரே கொடுத்துவிட்டு எழுந்தார். ஓசியில் குடித்த பழி எனக்கு வந்தது.

அன்று மாலை லெட்சுமி வந்தார். சரவணன் அப்பா இறந்த பிறகு, பள்ளிச் சிற்றுண்டிக் கடையில் நின்றே பிள்ளையை வளர்த்தவர். எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்கார மாட்டார், கதவு ஓரமாகவே நின்று ஒரு மணி நேரம் பேசுவார். அன்று உட்கார்ந்தார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

“அண்ணே, நல்ல எடம். பொண்ணுக்கும் புடிச்சிருக்கு, இவனுக்கும் புடிச்சிருக்கு. கண்ணாடி முன்னால நின்னு சிரிச்சுக்கிறான், நான் பாக்கலன்னு நெனச்சுக்கிட்டு. உங்கள நான் ஒண்ணும் சொல்லல. ஞாயித்துக்கிழமை மட்டும் பார்த்துப் பேசுங்க.”

தலையை மட்டும் ஆட்டினேன். என் வாயைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

சொல் வேட்டை

“காவலர ஜாகா ஆக்கிடலாமா?” என்று இரவுச் சாப்பாட்டின்போது பிலோமினாவிடம் கேட்டேன். ஜாகா என்றால் எங்கள் ஊரில் வாசல் காவலாளி.

“ஜாகாவுக்குப் பொண்ணு குடுக்கிறோம்னு தம்பிமாரு அடுத்த வாரம் அதப் புடிச்சுக்குவாங்க. காவலர் இருக்கட்டும். திருட்ட எடுங்க.”

“எடுத்துட்டு என்னத்த வைக்கிறது? பறித்தார்?”

“வழிப்பறி. கேசு இன்னும் பெரிசாகும்.”

“கவர்ந்தார்?”

“எதிர் டீம்காரன் பொண்ணையாங்க?”

“அபகரித்தார்?”

“நிலத் தகராறு.”

“மீட்டார். பந்தை மீட்டார். நல்லா இருக்குல்ல?”

“அடகுக் கடையில இருந்தா?” என்றாள் அவள், சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல்.

நான் மீன் குழம்பை வெறித்துப் பார்த்தேன். இத்தனை ஆண்டுகளில் ஒரு சொல்லுக்காக வாய் வலித்ததில்லை. பிலோமினா எழுந்து தட்டைக் கழுவப் போனாள். குழாய்ச் சத்தத்துக்கு நடுவே அங்கிருந்தே சொன்னாள்: “கைப்பற்றினார்னு சொல்லுங்க.”

“என்னது?”

“பேப்பர்ல போடுவாங்கள்ல. போலீஸ் கஞ்சாவைக் கைப்பற்றியது, பட்டாசு கைப்பற்றியது. அது போலீஸ்காரங்க சொல்லு. சார்ஜனே எத்தன தடவ எழுதியிருப்பாரோ. காவலர் சரவணன் பந்தைக் கைப்பற்றினார். மீசைய முறுக்கிக்குவாரு.”

நான் எழுந்துபோய் அவளைக் கட்டிப்பிடித்தேன். கையில் சோப்பு நுரையோடு தள்ளிவிட்டாள். அந்த வாரம் முழுக்க அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகினேன். குளிக்கும்போது, பாசாரில் மீன் வாங்கும்போது, தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு வந்தபோது. காணிக்கைத் தட்டு பிடித்திருந்தவர் தட்டைச் சற்று இழுத்துக்கொண்டார்.

நல்ல பிள்ளையின் ஆட்டம்

ஞாயிறு மாலை அரங்கத்தில் தைல வாடையும் புதுக் காலணி ரப்பர் வாடையும். எனக்கு அது சாம்பிராணி மாதிரி. இடதுபக்கத்தில் முக்காலியோடு பிலோமினா. வலதுபக்கத்தில் சார்ஜன், இஸ்திரி போட்ட சட்டையில், முதுகு சாயாமல். அவருக்குப் பின்னால் தம்பிமார், விரல் எண்ணும் மச்சான், ஓரத்தில் கவிதா. பெண் என்னைப் பார்த்து அடக்கமாகக் கும்பிட்டாள். கண்ணில் மட்டும் அடக்கம் இல்லை.

ஆட்டம் தொடங்கியது. நான் சொல்லைத் தொண்டை வாசலில் நிறுத்திவைத்துக் காத்திருந்தேன். எதிரணித் தலைவர் பந்தைத் தட்டிக்கொண்டு சரவணன் முன்னால் வந்தார். “வருகிறார், காவலர் சரவணன் எதிரே நிற்கிறார்...”

நின்றான். நின்றுகொண்டே இருந்தான். பந்து அவனைத் தாண்டிப் போய்க் கூடையில் விழுந்தது.

அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவையும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடினான். கோயிலில் பிரகாரம் சுற்றுகிறவன் மாதிரி இருந்தது. லிம் கோட்டோரத்தில் நின்று மூன்று மொழியில் கத்தினார். என் சொல் தொண்டையிலேயே நின்று காய்ந்தது. நல்ல சொல்லைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டோம், போட இடமில்லை.

“பையனுக்கு என்ன ஆச்சு?” என்று பிலோமினா கிசுகிசுத்தாள்.

இடைவேளையில் லெட்சுமி என் மேசைப்பக்கம் வந்து நின்றார். முகத்தில் திருப்தி. “நான்தான் அண்ணே சொல்லி வெச்சிருக்கேன். இன்னிக்குச் சம்பந்தி வீடு பாக்கிறாங்க, அடுத்தவங்க பந்துல கை வைக்காதன்னு. எப்படி மரியாதையா ஆடுறான் பாத்தீங்களா?”

மரியாதையாகத்தான் ஆடினான். அணி மரியாதையாகத் தோற்றுக்கொண்டிருந்தது.

இரண்டாம் பாதியில் மற்றப் பையன்கள் உயிரைக் கொடுத்து ஓடி ஓடிப் புள்ளிகளை நெருக்கிக்கொண்டு வந்தார்கள். நான் கவனித்தது வேறு. என் வலதுபக்கம் ஏதோ மாறிக்கொண்டிருந்தது. முதலில் சார்ஜனின் முதுகு நாற்காலியின் நுனிக்கு வந்தது. பிறகு முழங்கால் ஆட ஆரம்பித்தது. பிறகு ஒரு கட்டத்தில், எதிரணித் தலைவரைப் பார்த்துவிட்டு, “அந்த நெட்டையன் பந்த ரொம்பத் தூக்கித் தட்டுறான்,” என்று தமக்குத்தாமே சொன்னார். சற்று நேரம் கழித்து, “பாக்கெட்ட வெளிய தொங்கவிட்டு நடக்கிற மாதிரில்ல இருக்கு” என்றார். எத்தனை பேரைத் தெருவில் அப்படிப் பார்த்திருப்பாரோ. ஆனால் இந்தத் தடவை அவர் பரிவு பாக்கெட்காரர்மீது இல்லை.

கடைசிச் சில விநாடிகள். எங்களுக்கு ஒரே ஒரு புள்ளி குறைவு. பந்து எதிரணித் தலைவர் கையில். நேரத்தைக் கடத்தினால் போதும், கோப்பை அவர்களுக்கு. சரவணனுக்கு நேரெதிரே நின்று, பந்தை மெதுவாக, உயரமாகத் தட்டிக்கொண்டிருந்தார். சரவணன் கை முதுகுக்குப் பின்னால். கண் மட்டும் பந்தோடு மேலும் கீழும் போய் வந்தது, பத்தியக்காரன் பலகாரத்தைப் பார்ப்பதுபோல்.

“காவலர் சரவணன்...” என்று தொடங்கினேன்.

பக்கத்தில் நாற்காலி சாய்ந்து விழுந்தது. சார்ஜன் எழுந்து நின்றார். அணிவகுப்பில் பயிற்சி பெற்ற குரல் அது, மைக் தேவையில்லை. ஆனால் மைக்கும் அங்கேதான் இருந்தது.

“என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? எடு. திருடு மாப்பிள்ளே, திருடு.”

அரங்கத்தில் தமிழ் தெரிந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். தெரியாதவர்களும் திரும்பினார்கள். சரவணன் திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது, அவ்வளவுதான் தெரியும். எதிரணித் தலைவர் இன்னும் காற்றைத் தட்டிக்கொண்டிருந்தார். பந்தும் சரவணனும் மறுபக்கக் கூடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒருவருமில்லை. குழந்தைகூடப் போட்டுவிடும்.

அப்போதுதான் அந்தச் சொல் அவன் காதுவழியாக மூளைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். திருட்டு அல்ல, அதற்கு அடுத்த சொல். கூடைக்கு அடியில் குதித்தவன், குதித்த உயரத்திலேயே தலையைத் திருப்பி எங்கள் பக்கம் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு. பந்து பலகையில் பட்டு, வளையத்தில் பட்டு, வெளியே விழுந்தது. மணி அடித்தது.

ஒரு புள்ளியில் தோற்றோம்.

கைப்பற்றியது யார்

லிம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். லெட்சுமி கோப்பை போனதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. “மாப்பிள்ளேன்னாரு, கேட்டீங்கள்ல, கேட்டீங்கள்ல,” என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களில் பாதிப்பேர் சீனர்கள், அவர்களும் தலையாட்டினார்கள்.

தம்பிமார் சார்ஜனைச் சூழ்ந்துகொண்டு, “அண்ணே, போலீஸ்காரரே திருடச் சொல்றீங்களே” என்று சிரித்தார்கள். சின்ன மச்சான் விரலை எண்ண ஆரம்பித்தார். சார்ஜன் அவரைப் பார்த்த ஒரு பார்வையில் மூன்றோடு நிறுத்திக்கொண்டார். பிறகு சார்ஜனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மீசையை மீறி வந்தது.

“அப்பா, இதையும் வெட்டிக் குழுவுல போடவா?” என்றாள் கவிதா, கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு.

“இதையும்னா?” என்றார் சார்ஜன். “அப்ப அதப் போட்டது...”

பெண் எங்கோ தூரத்தில் யாரையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். தூரத்தில் சரவணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். ஒரு மணி நேரத்துக்கு முன்பு என்றால் சார்ஜன் விசாரணை தொடங்கியிருப்பார்.

அவர் என் பக்கம் திரும்பினார். “என்ன மிஸ்டர் அந்தோணி, முக்கியமான நேரத்துல வாய மூடிட்டீங்க? நான்ல பேச வேண்டியதாப் போச்சு.”

உண்மைதான். அந்தப் பதிவை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். சார்ஜனின் முழக்கம். பிலோமினாவின் ‘போட்டான் போட்டான், ஐயோ போடல.’ அதற்குப் பிறகு ஓர் ஆண் தொண்டையைச் செருமும் சத்தம். அந்தச் செருமல்தான் நான். இத்தனை ஆண்டுகளாக மைக்கைப் பிடித்தவனின் நேரலையில், மக்கள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிற ஒரே வரி பக்கத்து நாற்காலிக்காரருடையது.

சில வாரங்களுக்குப் பிறகு லெட்சுமி அழைப்பிதழோடு வந்தார். கதவோரமாகவே நின்றார், அதனால் எனக்கு நிம்மதி. “அண்ணே, சம்பந்தி உங்களப் பத்திச் சொல்லி அனுப்பினாரு. கல்யாண மண்டபத்துல மைக்...”

நான் அதற்குள் கோட்டு சூட்டை எங்கே வைத்தேன் என்று யோசித்துவிட்டேன். முதல் வரிகூட மனத்தில் வந்துவிட்டது.

“...மைக்க அவரே புடிச்சுக்கிறாராம். ஃபைனல்ல பேசினதுலேர்ந்து அவருக்கு ஆச வந்திருச்சு. உங்கள முன் வரிசையில உக்காந்து நல்லா சாப்பிடச் சொன்னாரு.”

கதவு சாத்தியதும் நான் சோபாவில் உட்கார்ந்தேன். பிலோமினா அழைப்பிதழை விரித்து, மண்டபம் எங்கே, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று பார்த்தாள். பிறகு அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டினாள்.

“விடுங்க,” என்றாள். “காவலர் பேசட்டும். நீங்க பிரியாணியைக் கைப்பற்றுங்க.”